கருவாட்டுச் சட்டியும் எடை மெஷினும்

மண்டபம்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மூன்று பக்கமும் எடையைப் பற்றியே எழுதியிருக்கிறாய். இங்கே ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. நாட்டுப்படகில் வரும் சூடையும் நகரையும்தான், அதுவும் யானை விலை. உன் ஊர் தொண்டியிலும் இந்நேரம் கருவாட்டுச் சட்டிதான் அடுப்பில் இருக்கும். உன் பயத்தில் பாதி அந்தச் சட்டியிலிருந்து வந்தது.

ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறிவிட்டது என்கிறாயே, அது கொழுப்பே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானது போக 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 200 கிராம் சோறு 260 கலோரி என்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 30 தட்டு! கருவாட்டு உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். தினமும் மெஷினில் ஏறாதே. மாதம் இரண்டு முறை போதும். காலையில் கழிப்பறை போய்வந்து, டீக்கு முன், சமமான சிமெண்டுத் தரையில் வைத்துப் பார். பாய் மேல் வைத்தால் தப்பாகத்தான் காட்டும்.

அதைவிட டேப்பை நம்பலாம். இந்த வயதில் வருடத்துக்கு அரைக் கிலோ கூடுவது சாதாரணம். ஆனால் மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால், தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்கும். எடை ஏறாமலேகூட வயிறு தள்ளும். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. எல்லை. பாவாடை நாடா தடம் இருக்கும் இடத்தில் அளக்காதே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டதும் அளக்கணும். வயிற்றை எக்கினால் உன்னையே ஏமாற்றிக்கொள்வாய்.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். பிறகு எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்பும், தசை அவ்வளவாகத் திரும்பாது. எலும்பு வேகமாகத் தேயும் வயதும் இதுதான். போதாததற்கு ராத்திரியில் மிக்சர் டப்பாவைத் திறக்க வைப்பதும் இந்தப் பட்டினிதான்.

60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் (கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்). நாலு இட்லியும் சட்னியும் 8 கிராம் தேறினால் அதிகம். இரண்டு முட்டை சேர்த்தால் 20 ஆகும். மதியம் 100 கிராம் மீனில் 20. மீன் விலை ஏறினால் முட்டையும் பயறும்தான். ராத்திரி பாசிப்பயறு சுண்டலும், வழக்கமான சோற்றில் பாதியும் சாப்பிடு.

குடம் தூக்குகிறேனே என்பாய். பழகிய பாரம், அதுவும் எப்போதும் ஒரே இடுப்பில். தசை அதற்கு மேல் வளராது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழு; மூன்று எண்ணி மெல்ல உட்கார். பத்து முறை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். தொப்பென்று விழுந்தால் பலன் பாதி போய்விடும். முழங்கால்கள் உள்ளே சாயக்கூடாது. வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள். சுலபமானதும் கையில் இரண்டு கிலோ அரிசிப் பை. நடப்பதென்றால் அலை நனைத்த கெட்டி மணலில் நட, பொதபொதவென்ற மணல் கணுக்காலைப் பிடித்துவிடும்.

கல்யாண வீட்டில் "என்னடி இப்படி ஊதிட்டே" என்று கேட்டவளுக்கு உன் சர்க்கரை அளவு தெரியுமா? நீயாவது தெரிந்துகொள். தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரைக்கு எச்பிஏ1சி, இரண்டு ரத்தப் பரிசோதனையையும் ஒரே ஊசியில் எடுத்துவிடலாம். எடை திடீரென ஏறிக் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ.

நீ எழுதிய அந்த மெலியவைக்கும் பவுடரை மட்டும் வாங்கிவிடாதே. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பா அது. ரிசல்ட் வந்ததும் எழுது, பேரன் போட்டோவும் வேண்டும்.

உன்,
ஜெயா