மூன்றாவது கம்பி

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மூத்தவளுக்கு ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிறோம். நாள் குறித்ததும் சொல்கிறேன், நீ இரண்டு நாள் முன்பே வந்துவிட வேண்டும்.

சரி, கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். கிட்டார் வாசிப்பைக் குழல் மாதிரி வேறு வாத்தியச் சத்தமாக மாற்றுகிற உன் சின்த்தில் மூன்றாவது கம்பி மட்டும் அமுங்கிக் கேட்கிறது, சில சமயம் ஸ்வரமே வருவதில்லை, விரலில் பலம் போய்விட்டது போல, இனி கிட்டாரைக் கொடுத்துவிடலாமா என்று. அதைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விரல் தளர்ந்திருந்தால் ஆறு கம்பியும் அல்லவா தளர வேண்டும்? அதே விரல்தான் இரண்டாவது கம்பியையும் நான்காவதையும் வாசிக்கிறது. ஒரு கம்பி மட்டும் குறைகிறது என்றால் கோளாறு உன் கையில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கிட்டாரைக் கொடுக்காதே.

எனக்கு இதே மாதிரி ஆறாவது கம்பியில் வந்தது. எங்கும் அழுத்தாமல் திறந்த கம்பியை மீட்டினால், சின்த்தில் சிக்னல் அளவைக் காட்டுகிற மீட்டரில் இரண்டு கட்டம்தான் ஏறும். கம்பி மாற்றினேன், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற பிக்கப்பை உயர்த்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அதே கம்பியை, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் ஒவ்வொன்றாக அழுத்தி மேலே ஏறிக்கொண்டே போனேன். ஐந்தாவது ஃப்ரெட்டில் கொஞ்சம் தேவலாம். பன்னிரண்டாவதில் மீட்டர் மற்றக் கம்பிகள் அளவுக்கு ஏறியது. அப்போதுதான் பிடி கிடைத்தது. திறந்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 82 அதிர்வு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அது இரட்டிப்பாகி 165 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். தாழ்ந்த ஸ்வரத்தை அமுக்கிவிட்டு உயர்ந்ததை மட்டும் விடுகிற ஏதோ ஒன்று வழியில் இருக்கிறது. பிக்கப்போடு வருகிற சின்ன போர்டில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி ஆம்ப் இருக்கிறதல்லவா, அதில் ஆறாவது கம்பியின் பாதையில் சிக்னலைக் கடத்திவிடுகிற கண்டென்சர் என்ற சின்னப் பாகம் காய்ந்துபோயிருந்தது. கண்டென்சரின் அளவு குறைந்தால் முதலில் அடிபடுவது தாழ்ந்த ஸ்வரம்தான். ஜங்ஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். பொருளின் விலை சில ரூபாய்தான். நான் அதற்குள் புதுப் பிக்கப் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தேன்.

அதனால் நீயும் முதலில் அதைப் பார். திறந்த மூன்றாவது கம்பி 196 ஹெர்ட்ஸ். அதை மீட்டிவிட்டுப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மீட்டு. மேலே போகப் போகச் சத்தம் தேறினால் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைவாக இருந்தால் வேறு இடம் தேட வேண்டும்.

அப்புறம், அந்தக் கம்பியின் மெல்லிய சிக்னலையும் சின்த் எடுத்துக்கொள்ளும்படி அதன் சென்சிடிவிட்டியை முழுவதும் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தயவுசெய்து இறக்கு. அது பலவீனத்தைச் சரிசெய்யாது, மூடி மறைக்கும். இரண்டாவது கம்பியை மீட்டும்போது மூன்றாவது லேசாக அதிரும். அந்த அதிர்வையும் சின்த் ஸ்வரம் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் வாசிக்காத ஸ்வரங்கள் வருகின்றன என்றாயே, பாதி அதனால்தான். சின்த் ஒரு ஸ்வரத்தைக் கண்டுபிடிக்கக் கம்பி அதிர்வின் ஒரு சுற்றையாவது அளந்து பார்க்க வேண்டும். மூன்றாவது கம்பிக்கு ஒரு சுற்று 5 மில்லி செகண்ட், ஆறாவதுக்கு 12. சிக்னல் மெலிந்திருந்தால் மீட்டுகிற பிக் கம்பியில் உரசுகிற சத்தத்தில் அந்த முதல் சுற்று முழுகிவிடும். சின்த் தாமதமாகப் பேசும், இல்லையென்றால் ஆக்டேவ், அதாவது ஸ்தாயி, மாற்றிப் பேசும்.

பழைய கம்பியை வைத்துக்கொண்டு எதையும் அளக்காதே. ஆறையும் புதிதாகப் போடு. உன்னுடையது காந்தப் பிக்கப், எலெக்ட்ரிக் கிட்டாருக்கான நிக்கல் அல்லது ஸ்டீல் கம்பிதான் வேண்டும். அகூஸ்டிக் கிட்டாரின் பிரான்ஸ் சுற்றிய கம்பியில் உள்ளே இருக்கிற ஸ்டீல் மட்டும்தான் காந்தத்துக்குத் தெரியும்.

கம்பிகளைக் கழற்றும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடு. நம் குழுவில் வயலின்காரர் பையில் ஸ்ருதி பார்க்க டியூனிங் ஃபோர்க் என்ற கவை வைத்திருப்பாரே, 440 ஹெர்ட்ஸ், ஸ்டீலில் செய்தது. அந்த மாதிரி ஒன்று வாங்கு, அலுமினியத்தில் இருப்பது உதவாது. முழங்காலில் தட்டி, அதிர்கிற முனையைப் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பியின் இடத்துக்கும் நேர் மேலே, ஒட்டாமல் பிடி. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டு, ஒரே தூரத்தில் வை, சின்த்தின் மீட்டரைக் கவனி. இப்போது கம்பியும் இல்லை, உன் விரலும் இல்லை. மூன்றாவது இடத்தில் மட்டும் மீட்டர் குறைந்தால், பிக்கப்பின் சுருளிலிருந்து சின்த் வரை ஏதோ ஒரு இடத்தில் கோளாறு. ஆறு இடத்திலும் சமமாக ஏறினால் பிக்கப்பின் சுருள் நன்றாக இருக்கிறது. ஆனால் 440 ஹெர்ட்ஸ் உயர்ந்த ஸ்வரம், கண்டென்சர் கோளாறு அதில் தெரியாமல் போகலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட் சோதனையிலும் வித்தியாசம் இல்லையென்றால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

இடைவெளியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி பார்க்கும்போது பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதோடு ஒரு விசிட்டிங் கார்டைச் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். உள்ளே நுழைந்து லேசாக உரச வேண்டும். உன் கிட்டார் பழைய மாடல், ஃப்ரெட்போர்டு நன்றாக வளைந்தது. அப்படிப்பட்டதில் ஓரத்துக் கம்பிகளுக்குச் சரியாக வைத்தால் நடுக் கம்பிகள் இரண்டும் பிக்கப்பிலிருந்து தள்ளி நிற்கும். ஆனால் அப்படியென்றால் நான்காவதும் குறைய வேண்டும், அது நன்றாக இருக்கிறது என்கிறாய். மெட்ராஸ் வெயிலில் அடியில் ஒட்டிய டேப் இளகிப் பிக்கப் நகர்ந்திருக்கவும் கூடும். ஒவ்வொரு கம்பியும் அதனதன் காந்தத்துக்கு நேரே போகிறதா என்று மேலிருந்து பார்.

கேபிளை நான் அவ்வளவாகச் சந்தேகப்படவில்லை. பிக்கப்பிலிருந்து சின்த்துக்குப் போகிற அந்தக் கேபிளின் பதின்மூன்று பின்னில் 1 முதல் 6 வரை கம்பிகளுக்கு, மெல்லிய கம்பியிலிருந்து ஆரம்பம். உன் மூன்றாவது கம்பிக்கு 3-வது பின். மல்டிமீட்டரில் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்துவிடு. ஆனால் வயர் அறுந்தால் பெரும்பாலும் சத்தம் சுத்தமாகப் போகும், இல்லை கரகரக்கும். இப்படி நிதானமாக, எப்போதும் ஒரே அளவில் குறைந்து நிற்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் போர்டைத் திறக்க வேண்டும். திறக்கும் முன் கேபிளைக் கழற்றிவிடு, 12, 13-வது பின்களில் சின்த்திலிருந்து ப்ளஸ் 7, மைனஸ் 7 வோல்ட் வருகிறது. உனக்கு ரிச்சி தெரு பக்கம்தானே, அங்கே கிடைக்காத கண்டென்சர் இல்லை. பழையதை எடுக்கும் முன் அது நிற்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள், ப்ளஸ் மைனஸ் மாறினால் வீணாகிவிடும். சால்டர் வைத்த இடங்களையும் லென்ஸில் பார். மங்கி, பின்னைச் சுற்றி மோதிரம் போல விரிசல் தெரிந்தால் அதையும் திரும்பப் பற்றவைக்கச் சொல்.

மருமகன் புது டிஜிட்டல் பிக்கப் வாங்கச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். 2023-ல் வந்த ரோலண்ட் ஜிகே-5 பிக்கப்பில் பதின்மூன்று பின் இல்லை. உன் சின்த்தோடு சேர்க்க நடுவில் மாற்றிக் கொடுக்கிற பெட்டி ஒன்று தனியாக வேண்டும். இருப்பதைச் சரிபார்க்கும் முன் அந்தச் செலவு வேண்டாம்.

தென்காசிக் கல்யாண வரவேற்பு நினைவிருக்கிறதா? புல்லாங்குழல்காரர் பஸ் கிடைக்காமல் வரவில்லை. மாலை முழுக்க எல்லா பிட்டையும் நீ கிட்டாரிலேயே குழலாக வாசித்தாய். பெண்ணின் தாத்தா மேடைக்குப் பின்னால் வந்து குழல் வாசித்தவர் எங்கே என்று தேடினார். அந்த பிட்டுகளில் பாதிக்கு மேல் மூன்றாவது கம்பியில்தான் இருந்தன. எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

ஃபோர்க்கை வைத்துப் பார்த்துவிட்டு மீட்டர் என்ன காட்டியது என்று எழுது, ஆறு கம்பிக்கும் தனித்தனியாக. அப்படியும் பிடிபடவில்லை என்றால் நிச்சயத்துக்கு வரும்போது கிட்டாரையும் கேபிளையும் எடுத்து வா. என் சின்த்தில் போட்டுப் பார்ப்போம், பெரியவர் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டைக்காரன்