அந்த 36 லேபிள்கள்

ஹாம்பர்க்,
5-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு, பாப்பா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, ஆச்சி, அண்ணன், மதினி, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல்.

கார்த்திகையில் நீங்கள் எழுதிய கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் எழுதாமல் இருந்தது என் குற்றம்தான். போனில் சொல்லிவிடலாம் என்றால், இத்தனை வருட அச்சு மெஷின் சத்தத்தில் மந்தமாகிவிட்ட உங்கள் காதுக்கு நான் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்று கேட்க, நடுவில் அம்மா சத்தம் போட்டு விளக்க, கடைசியில் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. "அந்த லேபிள் எல்லாம் எதற்கு, என்ன ஆயிற்று?" என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடந்த நேரத்தில், தீப்பெட்டி லேபிள் போல ஒரு தாளுக்கு 36 படமாக 500 தாள் ஓட்டி, வெட்டி, கட்டி அனுப்பியவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆகையால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் கணினிக்காரர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 27 முதல் 30 வரை ஒரு மாநாடு கூட்டுகிறார்கள். அதன் பெயர் காங்கிரஸ். விருதுநகர் மாவட்டத்துக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் நினைப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1981இல் பெர்லினில் தொடங்கிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற சங்கம், 1984இல் இதே ஹாம்பர்க்கில் முதல் மாநாட்டை நடத்தியது. இப்போது நடந்தது 38ஆவது. டாம்டோர் ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய மாநாட்டு மாளிகையில் ஏறத்தாழ 14,000 பேர் கூடினார்கள். ஹேக்கர் என்றதும் நம் ஊர்ப் பத்திரிகையில் வங்கிப் பணத்தைத் திருடுகிறவனைத்தான் போடுகிறார்கள் என்பதால் அம்மா பயப்படக் கூடும். இவர்கள் பூட்டைத் திறந்து பார்ப்பவர்களே ஒழிய, வீட்டுக்குள் புகுகிறவர்கள் அல்லர். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, கண்டதை ஊரறியச் சொல்வதுதான் அவர்களுடைய வழக்கம். பொதுத் தகவல் எல்லோருக்கும் பயன்பட வேண்டும், தனி மனிதரின் தகவல் காக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் நெறி. அங்கே கேட்காமல் யாரையும் படம் எடுத்துவிட முடியாது. உங்களுக்கு நான் ஒரு படமும் அனுப்பாததற்கு அதுதான் காரணம்.

மாளிகை முழுவதும் குழு குழுவாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் உரை அரங்குகளுக்கு மட்டும் போய்விட்டு, கூச்சத்தில் மேசைகளின் பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். முந்தின வருடம் நானும் அப்படித்தான் நான்கு நாளும் சுவரோரமாக நடந்தேன். அதற்காகத்தான் உங்கள் லேபிள்களை வைத்து இந்த விளையாட்டு. 36 மேசைகளுக்கு ஆளுக்கொரு படம் கொடுத்துவிட்டேன். பூட்டுப் படம் வேண்டுமென்றால் பூட்டுத் திறப்பவர்களின் மேசையில் உட்கார்ந்து சாவியில்லாமல் ஒரு பூட்டையாவது திறக்க வேண்டும். பற்றவைப்புக் கோல் வேண்டுமென்றால் ஒரு சிறு விளக்கையாவது ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். வாங்கிய படத்தை 36 கட்டம் போட்ட சிறு புத்தகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நானும் அண்ணனும் தெருவில் பொறுக்கிய தீப்பெட்டிப் படங்களைப் பழைய கணக்கு நோட்டில் ஒட்டிவைத்தோமே, அதேதான்.

படத்தின் பின்பக்கம் மூன்று இலக்க எண் அடிக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்களே, இது என்ன சீட்டு என்று சந்தேகப்பட்டீர்கள். உங்கள் சந்தேகம் வேறு வகையில் சரியாகப் போயிற்று. கிடைத்த படத்தின் எண்ணை என் இணையப் பக்கத்தில் பதிந்தால், யார் எத்தனை சேர்த்தார் என்ற பட்டியல் தெரியும்படி செய்திருந்தேன். முதல் நாள் காலை விளையாட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஒருவர் 36 படமும் சேர்த்துவிட்டதாகப் பட்டியல் காட்டியது. மூன்று இலக்கம் என்றால் மொத்தம் ஆயிரம் எண்கள்தானே, அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்க்க ஒரு கணினிக்கு ஒரு நிமிடம் போதும். பூட்டு உடைப்பவர்கள் ஊரில் வாசலில் துணி கட்டித் தொங்கவிட்டதைப் போன்ற காரியத்தை நான் செய்திருக்கிறேன். அதைச் செய்தது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். அவனே என் மேசைக்கு வந்து, எப்படிச் செய்தான் என்பதை மிகுந்த மரியாதையுடன் விளக்கிவிட்டு, பூட்டுப் படத்துக்காகப் போய் வரிசையில் நின்றான்.

மதியத்துக்குள் பட்டியலை எடுத்துவிட்டேன். யார் எந்த மேசைக்கு எப்போது போனார் என்ற கணக்கு என்னிடம் இருப்பதே சரியல்ல என்று அதற்குள் இரண்டு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். அன்றிலிருந்து தாளும் பசையும் மட்டுமே விளையாட்டு.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் நாள் இரவு யாரோ சிலர் 36 படங்களையும் ஸ்கேன் செய்து, கலர் பிரிண்டரில் அடித்து, ஸ்டிக்கர்களைப் பொதுவில் போட்டுவைக்கும் மேசையில் ஒரு கட்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. விளையாட்டு முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான், நான்கு மைப் புள்ளிகளைக் கலக்கும் ஃபோர் கலரில் போடாதே, சிவப்பைத் தனி மையாக ஓட்டினால்தான் தீப்பெட்டிப் படம் தீப்பெட்டிப் படமாக இருக்கும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது நினைவுக்கு வந்தது. நான் புறப்பட்ட அன்று பெட்டியில் வைத்துவிட்ட உங்கள் பழைய லென்ஸை எடுத்துப் பார்த்தேன். உங்கள் சிவப்பு, பூசினாற்போல ஒரே பரப்பாக இருந்தது. அவர்களுடைய சிவப்பு, இளஞ்சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது.

மறுநாள் அந்த லென்ஸை மேசையில் கட்டிவைத்து, அசலையும் நகலையும் அருகருகே ஒட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதிவைத்தேன். படம் சேர்க்கும் கூட்டத்தைவிட அதற்குத்தான் கூட்டம். சிவகாசியில் கள்ள லேபிளை எப்படிப் பிடிப்பார்கள் என்று நீங்கள் எங்களுக்குச் சொன்னதையெல்லாம் அன்று முழுவதும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் நகல் எடுத்தவர்களே வந்தார்கள். தனி மை ஓட்டும் அச்சகம் ஒன்று இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

எல்லாப் படத்தையும் சேர்த்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கட்டைச் சுற்றி, ரிஜிஸ்டர் விலகிச் சிவப்பு ஒரு பக்கமும் கறுப்பு ஒரு பக்கமுமாகப் போன வேஸ்ட் தாள்களை வைத்து அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, வெட்டாத அந்தத் தாள்களைத்தான் பரிசாகக் கொடுத்தேன். எடைக்குப் போடுகிற தாளுக்கு அவர்கள் தங்களுக்குள் பேரம் பேசியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. பார்சலைப் பிரித்ததும், மையும் ரோலர் துடைக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. உள்தாள் ஒன்றில் அது இன்னும் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், நான் வேளைக்குச் சாப்பிட்டேன். நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல் என்று அங்கே ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் குளிக்கச் சொல்லி விதி தேவைப்படுகிறது. மாநாட்டில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிட, டிக்கெட் வாங்கி வருகிறவர்களே வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது அதிகம். அவர்களுக்குத் தேவதூதர்கள் என்று பெயர், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குச் சொர்க்கம் என்று பெயர். என் மேசை வேலை போகக் காலிப் பாட்டில் சேகரிக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் போதுமான நேரம் உழைத்தவர்களுக்குச் சூடான சாப்பாடு உண்டு. நான்கு நாளும் கைக்காசு செலவில்லை. அலுவலகத்தில் இப்போது விடுப்பு நிறைய இருக்கிறது, ஆகையால் நேரத்துக்கும் குறைவில்லை. குளிரைப் பற்றி ஆச்சி கவலைப்பட வேண்டாம். ஒரே அறையில்தான் ஹீட்டர் போடுகிறேன், எனக்கு அந்த ஓர் அறையே போதும்.

கீழ்வீட்டுக் கிழவர் அப்படியேதான் இருக்கிறார். மாடிப்படி கூட்டுவது உன் முறை என்ற அட்டையை என் கதவில் மாட்டிவிட்டு, கூட்டி முடித்ததும் வந்து விரலால் தொட்டுப் பார்க்கிறார். மீந்த படத்தில் ஒரு யானையைக் கொடுத்தேன். பிறகு பார்த்தால், அந்த அட்டையின் மூலையில் அதை ஒட்டியிருந்தார்.

31ஆம் தேதி இரவு இந்த ஊரே வெடி போட்டது. வருடத்தில் அந்த ஓர் இரவுக்குத்தான் இவர்களுக்கு அனுமதி. நான் ஜன்னலைத் திறந்துவைத்து, மருந்து வாசனை உள்ளே வரட்டும் என்று நின்றேன். சாட்சியாபுரம் பக்கம் சோதனைக்கு வெடிக்கும்போது, இது நம் வீட்டு வெடி, இது அவர்கள் வீட்டு வெடி என்று அண்ணன் சத்தத்தை வைத்தே சொல்வார் அல்லவா, நானும் சொல்லிப் பார்த்தேன். சரியா தவறா என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. குளிர் அதிகமானதும் ஜன்னலை மூடிவிட்டேன்.

மற்ற விஷயங்கள். லேபிள் கூலியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தாள், மை, பார்சல் செலவு எல்லாம் சேர்த்து அண்ணன் தனியாக எழுதியிருக்கிறார். அது நியாயமான கணக்கு. சித்திரைக்குள் கட்டாயம் அனுப்பிவிடுகிறேன், அதுவரை மதினி மனம் கோண வேண்டாம். அம்மாவின் கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். என் பேரில் போட்டிருக்கும் தபால் நிலையச் சேமிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்ட படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். தை மாதம் சின்னவனுக்குக் காது குத்துவதற்கு என்னால் வர இயலாது. அத்தை ஏதாவது சொன்னால், அலுவலகத்தில் விடுப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பழைய ஹைடல்பர்க் அச்சு மெஷினை இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள் என்றும், பொங்கலுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள், இடமாவது மிஞ்சும். தடுக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் முன்பணம் வாங்குமுன், ஓடும் மெஷினாகவே வாங்குகிறவர் உண்டா என்று திருத்தங்கல் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எடைக்குக் கொடுப்பதைவிட அது மேல். இந்த 36 படத்தின் அச்சுப் பிளேட்டுகளையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டாம். துடைத்து, பிசின் பூசி, காகிதம் சுற்றி, என் பெயர் எழுதி மேல் பரணில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா