பியெர்ஃபோன் கோட்டைக்குத் தமிழில் ஒரு கையேடு: உங்கள் பங்கும் வேண்டும்

அன்புடையீர்,

சென்ற கோடையில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு அம்மம்மா, அப்பப்பாமாரையும் கூட்டிக்கொண்டு பியெர்ஃபோன் கோட்டைக்குப் போனோம். பாரிசின் கார் து நோர் நிலையத்திலிருந்து கொம்பியேன் நகர் வரை ரயில், பிறகு பஸ். 52 மீற்றர் நீள மண்டபத்தில், கணப்படுப்புக்கு மேலே வரிசையாக நிற்கும் ஒன்பது பெண் சிலைகளைக் காட்டி, "இது ஆர் பிள்ளை?" என்று ஒரு அம்மம்மா கேட்டார். பலகையை வாசித்த பேத்தி, "பழைய ராணிமார்" என்றதோடு நின்றுவிட்டாள். அதில் செமிராமிஸ் என்ற ராணிக்கு வைத்திருப்பது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனியின் முகம் என்பதைத் தமிழில் சொல்ல அவளுக்கு வரவில்லை. திரும்பி வரும் ரயிலிலேயே கையேடு போடுவதென்று முடிவாகிவிட்டது.

பார்த்தால் இடைக்காலக் கோட்டை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. ஒர்லேயான் கோமகன் லூயி கட்டிய பழைய கோட்டையை 1617இல் அரச படை பிடித்து இடித்தது. அந்த இடிபாட்டை முதலாம் நெப்போலியன் 3,000 பிராங்குக்கும் குறைவாக வாங்கினார். 1857இல் மூன்றாம் நெப்போலியன் அதைக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக்கிடம் ஒப்படைத்தார். அவர் இருந்ததைத் திருத்தியதோடு நிற்கவில்லை. ஒரு கோட்டை எப்படி இருந்திருக்க வேண்டுமென்று தான் நினைத்தாரோ அப்படியே எழுப்பினார். நம் கோயில் திருப்பணிகளில் பழைய கல்லா, புதுச் சீமெந்தா என்று நடக்கும் அதே வழக்குத்தான். எங்கள் குழுவிலும் இரண்டு கட்சி. கையேட்டில் இரண்டுக்கும் இடமுண்டு. முற்றத்துக் கூரைச் சாளரங்களில் குந்தியிருக்கும் கல் பூனைகள் விசயத்தில் மட்டும் சண்டையில்லை.

1870இல் பேரரசர் வீழ்ந்தார், காசு வற்றியது. 1879இல் வியோலே-லெ-துக் காலமானார். 1885இல் வேலை நின்றது. சில அறைகளின் சுவர்கள் இன்றும் வெறுமையாக இருப்பது அதனால்தான்.

எழுதுவதும் படம் எடுப்பதும் எங்கள் ஆட்களே, கூலியில்லாமல். அச்சுக்குத்தான் காசு வேண்டும். 500 பிரதிக்கு 1,800 யூரோ கேட்கிறார்கள், 640 சேர்ந்துவிட்டது. ஐந்து யூரோ என்றாலும் தாருங்கள். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கணக்கு மண்டபப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படும். மிஞ்சினால் அடுத்த பயணத்தில் முதியோரின் ரயில் செலவுக்குப் போகும். தந்தவர்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். வேண்டாமென்பவர்கள் தைப்பொங்கலுக்கு முன் சொல்லிவிடுங்கள், அதன்பிறகு அச்சுக்குப் போய்விடும்.

கையேட்டுக் குழுவினர்