மடியில் கிடந்த கை

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினின் திரையில் 162, அதன் கீழே 98. "என்னம்மா இது?" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தாய். போனில் பேசினால் என் பதற்றம் உனக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த எண்ணைவிட அந்தப் படம்தான் எனக்கு அதிகம் சொன்னது. சட்டைக்கையைச் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றியிருக்கிறாய். அது கயிறு கட்டினாற்போல் புஜத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. மெஷினோடு வரும், புஜத்தில் கட்டிக் காற்றடிக்கும் பட்டை பாதி துணிமேலும் பாதி தோல்மேலும் இருக்கிறது. கை மடியில் கிடக்கிறது. கால்மேல் கால். பக்கத்தில் பாதி குடித்த காபி. மணி பதினொன்று, வேலை முடிந்து வந்த உடை கூட மாற்றவில்லை.

பயப்படாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அதை மறந்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். அந்த 162 உன்னுடைய ரத்த அழுத்தம்தானா என்பது நம் இருவருக்கும் இன்னும் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

உன் அப்பாவுக்கு நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து புருவத்தில் தையல் போட்டார்களே, நினைவிருக்கிறதா? அப்போது நீ இறுதியாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாய். அவர் வழுக்கி விழவில்லை. எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஒவ்வொரு நாளும் நான் அவருக்குப் பி.பி. பார்த்து, எண்களை நோட்டில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் நோட்டைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது.

தையல் போட்ட அன்று அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தி இழுப்பறையிலிருந்து துணி அளக்கும் டேப் ஒன்றை எடுத்தாள். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே அவருடைய புஜத்தைச் சுற்றி அளந்தாள். 38 சென்டிமீட்டர். எங்கள் மெஷினோடு வந்த பட்டையின் உள்பக்கத்தில் 22–32 என்று அச்சிட்டிருந்தது. அத்தனை மாதமும் அந்த எழுத்து என் கண்ணெதிரில்தான் இருந்தது. பட்டையின் ஓரம் எட்டாமல் போகும்போதெல்லாம் இழுத்துப் பிடித்து ஒட்டவைத்தேனே தவிர, ஏன் எட்டவில்லை என்று யோசிக்கவில்லை. அவள் எங்கள் பட்டையைக் கட்டிப் பார்த்தாள்: 141. சற்று நேரம் விட்டுப் பெரிய பட்டையைக் கட்டினாள்: 124. மறுபடியும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதும் அதே வித்தியாசம்தான். அந்த வாரமே டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். சுவரைப் பிடிக்கும் பழக்கமும் மெல்ல நின்றது.

சிறிய பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை புஜத்தை முழுதாக அணைக்காது. அதனால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயை அழுத்தி மூட அதற்குக் கூடுதல் காற்று வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதலையும் மெஷின் உன் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில் இதை எண்ணாகவே காட்டியிருக்கிறார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக ஏறக்குறைய 5 புள்ளி கூடுகிறது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கோ 19.5 புள்ளி கூடுகிறது. மெலிந்த கையில் பெரிய பட்டையைக் கட்டினால் அளவு குறைந்து காட்டும். நீயும் அப்பாவின் உடல்வாகுதான். அதனால்தான் உன் படத்தைப் பார்த்ததும் என் கண் முதலில் பட்டைக்குப் போனது.

மெஷின் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். 1905இல் நிக்கோலாய் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து, ரத்தம் திரும்பப் பாயும் ஓசையைக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். நம் வீட்டு மெஷினுக்குக் காது கிடையாது. பட்டையை ஊதி ரத்தக்குழாயை நெருக்குகிறது. பிறகு காற்றை மெல்ல விடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குழாய் அதிர்வது பட்டைக்குள் இருக்கும் காற்றில் சிற்றலையாகத் தெரியும். அந்த அலை வளர்ந்து தேய்வதைப் பார்த்து, மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த நேரத்தில் நீ விரலை மடக்கினாலும், பேசினாலும், போனை எடுக்கத் திரும்பினாலும் அந்த அசைவும் அதே காற்றில்தான் போய்ச் சேரும். எது துடிப்பு, எது அசைவு என்று அது எப்போதும் சரியாகப் பிரித்துவிடும் என்று நம்ப முடியாது. பேசுவது வேறு வழியிலும் கெடுக்கிறது. பேசப் பேச அழுத்தமே ஏறும்.

மடியில் கிடந்த கைக்கு வருகிறேன். ரத்தத்துக்கும் எடை உண்டல்லவா? பட்டை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் ஏழெட்டுப் புள்ளி தானாகக் கூடும். மேலே போனால் அதே அளவு குறையும். மேசைமேல் கையை வைத்து, தேவைப்பட்டால் அடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, பட்டையின் நடுப்பகுதி நடுமார்பின் உயரத்துக்கு வரும்படி பார்த்துக்கொள். கையை நீயே தூக்கிப் பிடிக்கக் கூடாது; தசை இறுகும். துணி காய்வதுபோல அது மேசைமேல் தளர்ந்து கிடக்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்கட்டும்.

பட்டை வெறும் தோலில்தான் இருக்க வேண்டும். சட்டையைச் சுருட்டாதே, கழற்றிவிடு. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே பட்டையின் கீழ் ஓரம் நிற்கட்டும். ரப்பர் குழாய் முழங்கையின் உட்புறமாக இறங்கட்டும். ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும்.

இனி அந்த ஐந்து நிமிடம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீயும் விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்தே உனக்குச் சும்மா உட்கார வராது. பட்டனை அழுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். காலைப் பின்னிக்கொள்ளக் கூடாது. போனை வேறு அறையில் வைத்துவிடு. அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு அளந்தால் அந்தச் செய்தியின் அளவுதான் வரும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதே, அதுவும் அழுத்தத்தை ஏற்றும். உன் அப்பா அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் துணி மடிப்பேன். மடித்த துணிகளை அடுக்கி முடிக்கும்போது பட்டனை அழுத்துவேன். எங்களுக்கு அதுதான் கடிகாரமாக இருந்தது.

ஒரு நாள் பார்த்துவிட்டு எதையும் முடிவுகட்டாதே. ஏழு நாள் பார். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவு படுக்கப் போகும் முன் அதேபோல் இரண்டு முறை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், காலையில் அதைப் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். முதல் நாள் எண்களைச் சராசரிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதிய பொருளைக் கண்ட பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளில் 24 அளவுகள் சேரும். அவற்றின் சராசரிதான் பேச வேண்டிய எண். உயர் ரத்த அழுத்தத்துக்கு மருத்துவமனையில் 140/90 என்று சொல்லும் எல்லைக்கு வீட்டில் 135/85 சமம். அமெரிக்க மருத்துவர்கள் 2017 முதல் 130/80 என்று இன்னும் கீழே வைத்திருக்கிறார்கள். உனக்கு எது பொருந்தும் என்பதை உன் டாக்டர் சொல்லட்டும். முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பார். இரண்டுக்கும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் மறுபடி மறுபடி வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்.

வந்த எண்ணை வந்தபடியே எழுது, ராசா. 137ஐ 135 ஆக்காதே. நான் செய்ததைச் சொல்கிறேன். மாத்திரை குறைந்த பிறகு, எங்கே மறுபடியும் கூட்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு 150 வந்தால் இரண்டாவது முறை பார்ப்பேன், மூன்றாவது முறை பார்ப்பேன். 136 வந்ததும் அதை மட்டும் எழுதுவேன். அவர்மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் செய்தேன். டாக்டர் ஒரு நாள் மெஷினையே கொண்டுவரச் சொல்லி, அதன் நினைவில் பதிந்திருந்த அளவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தார். என் நோட்டையும் பார்த்தார். கோபப்படவில்லை. "எண்ணை மாற்றி எழுதினால் நான் வேறு யாருக்கோ வைத்தியம் பார்க்கிறேன் அம்மா" என்றார். அந்த அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. டாக்டர் முன்னால் மட்டும் அழுத்தம் ஏறுகிறவர்கள் உண்டு. அவர் முன்னால் சாதாரணமாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் யாருக்கும் தெரியாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அரிப்பது. வீட்டு நோட்டு பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகும்.

நேற்று 162ஐப் பார்த்தபின் எத்தனை முறை பார்த்தாய்? ஐந்தாறு முறையாவது பார்த்திருப்பாய். பயத்தில் பார்க்கப் பார்க்க ஏறத்தான் செய்யும். காலை, இரவு இரண்டு வேளை போதும். இடையில் மெஷினை அலமாரியில் வைத்துவிடு. கைக்கடிகாரம் காட்டும் அளவை நோட்டில் சேர்க்காதே. புஜத்தில் கட்டும் பட்டைதான் நம்பிக்கைக்குரியது. நீ வாங்கியிருக்கும் மாடல் முறைப்படி சோதித்துச் சான்று பெற்றதுதானா என்றும் பார்த்துக்கொள். அந்தச் சோதனையைக் குறைந்தது 85 பேரிடம் நடத்துவார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப்போ, அவருடையதோடு ஒப்பிட்டுவிடலாம். திரையில் சீரற்ற துடிப்பைக் காட்டும் குறி அடிக்கடி வந்தால் மறைக்காமல் சொல். துடிப்பு தாறுமாறாக இருந்தால் இந்த மெஷின்களின் அளவும் ஏறி இறங்கும்.

ஒன்றை மட்டும் மனதில் அழுத்தமாக வைத்துக்கொள். எப்போதாவது 180/120ஐத் தாண்டி வந்தால், அமைதியாக உட்கார்ந்து சில நிமிடம் கழித்து மறுபடி பார். அப்படியே நின்றால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகாலில் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மறுபடி அளந்துகொண்டு உட்காராதே. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எனக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

சராசரி அதிகமாகவே வந்தாலும் அப்பாவின் மாத்திரைப் பெயரைக் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. அவருடைய மாத்திரை அவருக்கு. இந்த ஏழு நாளும் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக் கணக்கைச் சரிகட்டப் பார்க்காதே, எப்போதும்போல் சாப்பிடு. உப்பைக் குறைப்பது நல்லதுதான், அதைப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்யலாம். இப்போது நமக்கு வேண்டியது உள்ளது உள்ளபடி ஒரு வாரம்.

இன்று இரவு மெஷினைத் தொட வேண்டாம். துணி அளக்கும் டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்துப் பார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல். அந்த ஒரு அளவை எனக்கு அனுப்பு. பட்டையின் உட்புறத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் படம் எடுத்து அனுப்பு. விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா