ஆண்டறிக்கை 2024–25: மின் இணைப்பும் மின்கட்டணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

மண்டபம் ஊருக்கு மேற்கே கடலை ஒட்டியிருக்கும் நம் குடியிருப்பிலிருந்து இவ்வாண்டு சங்கத்துக்கு வந்த முறையீடுகளில் மின்சாரம் பற்றியவையே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை, கட்டணம் கட்டாததால் மின்வாரியத்தார் பீஸைப் பிடுங்கிய பிறகே நம்மிடம் வந்தன என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். கடலுக்குப் போனவர் கரை திரும்பட்டும், பணம் கட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெண்கள் காத்திருப்பதும், அதற்குள் கெடு முடிந்துவிடுவதும் மீன்பாடில்லாத மாதங்களில் பல வீடுகளில் நடக்கின்றன. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், தொகை கூடுதலாகத் தோன்றினால் அந்த வாரத்திலேயே சங்கத்துக்கு வாருங்கள்.

தொகை கூடுவதற்கு நாங்கள் கண்ட முதல் காரணம் 500 யூனிட் என்னும் எல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். ஆனால் 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை கிடைக்கும் சலுகை விலை, 501 ஆனவுடன் அந்தக் கணக்கு முழுவதற்கும் போய்விடுகிறது. கணக்கெடுக்கும் தேதி பத்து நாள் தள்ளிப்போனால் அந்த நாட்களின் செலவும் அதே கணக்கில் சேர்ந்து, எல்லைக்குள் இருந்த வீட்டை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் இரு மாதத்துக்கு ஒரு முறை, வழக்கமான தேதியில் மீட்டரைத் தாங்களே பார்த்து, மின்கணக்கு எழுதும் வெள்ளை அட்டையின் ஓரத்தில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது காரணம் நம் ஊர் உப்புக்காற்று. தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கட்டணம் திடீரென்று இரட்டிப்பானபோது, மீட்டர் வேகமாக ஓடுவதாகவே எல்லோரும் சொன்னோம். நம் உறுப்பினரான ஒயர்மேன் வந்து, விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் அனைத்தையும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மெயின் சுவிட்சை இறக்கியதும் நின்றது. கொல்லையில் மோட்டாருக்குப் போகும் ஒயரின் இணைப்பில் டேப் இற்று, செம்பு பச்சைக் களிம்பேறி, ஈர மணலில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஓர் எட்டில் துணி உலர்த்தும் கொடிக்கம்பி. கட்டணம் போகட்டும், ஓர் உயிர் போயிருக்கும். கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்தியே ஆக வேண்டும் என்று இக்குழு வலியுறுத்துகிறது.

கடைசிக் கம்பத்து வீடுகளின் குறைந்த மின்னழுத்தம் இன்னும் தீரவில்லை. லைன்மேன் தம்பிகளிடம் வாயால் சொன்ன புகார்கள் எங்கும் பதிவாவதில்லை. 2021 முதல் இயங்கும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். புகார் எண்ணை மறவாமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரிவு அலுவலகத்தில் தீராத முறையீட்டை ராமநாதபுரம் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் எழுத்தில் அனுப்ப நமக்கு உரிமை உண்டு. கடைசிக் கம்பத்து வீட்டார் கையொப்பமிட்ட மனு மன்றத்துக்காகத் தயாராக உள்ளது.

பெயர் மாற்றத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் தெருக்களில் பல இணைப்புகள் இறந்துபோன தாத்தாவின் பெயரிலோ, வீட்டை விற்றுப் போனவர் பெயரிலோதான் இருக்கின்றன. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைத் திரட்டுவதற்குள் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024இல் அறிவித்த திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் பெறுவதற்கும் இணைப்பு விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நடக்கும் மாவட்டம் இது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. கான்கிரீட் கூரையும் முன்பணமும் உள்ளவர்களுக்கே அத்திட்டம் இன்று எட்டுகிறது, ஏனெனில் சூரியப் பலகை பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஓட்டு வீட்டாருக்குக் கட்டணக் குறைப்புக்கான வழிகளையே முதலில் காட்ட வேண்டியிருக்கிறது.

சமையல் எரிவாயு தொடர்பாக முறையீடுகள் குறைவு. கசிவு ஏற்பட்டால் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம்.

வரும் ஆண்டில் ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தில் இருந்து மனு எழுதித் தரவும், பெயர் மாற்ற ஆவணங்களைச் சரிபார்க்கவும், படித்த இளைஞர்கள் முன்வர வேண்டும். தனியாக வாழும் முதியோர் வீடுகளில் ஆர்.சி.டி. பொருத்த, சங்க நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்