மன்னிக்கச் சொல்லுமுன் விசாரியுங்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்.

சபையில் ஒருவர் முறையீட்டோடு வந்து நின்றால், 'குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்ற வசனமும் 'ஏழெழுபதுதரம்' மன்னிக்கச் சொல்லும் வசனமும் உடனே எடுத்து நீட்டப்படுகின்றன. ஆண்டவருடைய வார்த்தைகள், நியாயம் கேட்டு வந்தவரின் வாயை அடைப்பதற்குப் பயன்படுகின்றன. வேதபாடம் நடத்துகிறவர்களாகவும் சபைப் பிணக்குகளில் நடுவில் உட்காருகிறவர்களாகவும் இதைச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் வசனம், முதலில் தன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்தபின் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் எடுக்கச் சொல்கிறது. பதினாறாம் வசனம் கனிகளினாலே அறியச் சொல்கிறது. அங்கே தடுக்கப்படுவது, நமக்கு ஓர் அளவும் பிறருக்கு வேறோர் அளவும் வைப்பது. 'காணிக்கைக் கணக்கில் பணம் குறைகிறது' என்றால் அது செயலைப் பற்றிய பேச்சு, விசாரிக்கலாம். 'அவர் பணத்தாசை பிடித்தவர்' என்றால் அது ஆள்மேல் எழுதிய தீர்ப்பு. கமிட்டிக் குறிப்பேட்டில் முதல் வகை மட்டுமே இருக்கட்டும். உணவு, விசேஷ நாள் போன்றவற்றில் ஒருவரையொருவர் குற்றவாளியென்று தீர்க்கவேண்டாம் என்னும் ரோமர் 14 போதும். அவற்றை விசாரணைக்கே எடுக்காதீர்கள்.

விசாரிக்கும் வழி மத்தேயு 18:15-17-இல் இருக்கிறது. முதலில் தனித்துப் பேசுவது. பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது: சம்பந்தப்பட்டவர் காதுக்கு எட்டுமுன் விஷயம் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் பாதிச் சபைக்குப் போய்விடுகிறது. பலருக்கு முன்னால் மானம் போனவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார், மனந்திரும்ப மாட்டார். அடுத்த படியில் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போகவேண்டும். அவர்கள் புகார் சொல்பவருக்குப் பக்கபலமாகப் போகிறவர்கள் அல்லர். உபாகமம் 19:15-இன் முறைப்படி, சொன்னதை உறுதிப்படுத்தும் சாட்சிகள். இரு தரப்பும் நம்புகிறவர்களாகப் பாருங்கள். அதன் பிறகே சபை.

ஆனால் தனித்துப் பேசும் படியைச் சிறுபிள்ளைமேலும், அடிபட்ட மனைவிமேலும், அதிகாரத்துக்குப் பயந்து நடுங்குகிறவர்மேலும் சுமத்தாதீர்கள். அது கொடுமை. குற்றச்செயல் என்றால் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்; ரோமர் 13:4 அதிகாரத்தில் இருப்பவரைத் தேவஊழியக்காரன் என்றே சொல்கிறது. 'நமக்குள்ளேயே பேசி முடிப்போம்' என்று மூடிவைத்தால், அடுத்த பிள்ளைக்கும் அதே ஆபத்துதான். குற்றச்சாட்டு ஒரு மூப்பர்மேல் வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் அதை ஏற்கக்கூடாது என்னும் 1 தீமோத்தேயு 5:19-ஐ மட்டும் காட்டாதீர்கள். அடுத்த இரண்டு வசனங்கள், பாவஞ்செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் பட்சபாதமில்லாமல் நடக்கவும் கட்டளையிடுகின்றன.

மன்னிப்புக்கு வருவோம். மத்தேயு 18:23-35 உவமையில், ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்கவில்லை. அந்த உடன் ஊழியக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் உழைப்பு. பதினாயிரம் தாலந்துக்கு முன்னால்தான் அது சிறியது. ஆகவே காயப்பட்டவரிடம் 'இது ஒரு சின்ன விஷயம்' என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. லூக்கா 17:3-இலும் மன்னிப்புக்கு முன் கடிந்துகொள்ளுதல் வருகிறது.

பழிவாங்குவதைத் தேவனிடம் விட்டுவிடுவது மன்னிப்பு. ஒப்புரவாவதற்கு மற்றவரின் மனந்திரும்புதலும் வேண்டும். பழைய பொறுப்பைத் திரும்பக் கொடுப்பது இரண்டிலும் சேராத மூன்றாவது காரியம். இந்த மூன்றையும் ஒரே ஞாயிறு ஆராதனையில், கைகுலுக்க வைத்து முடித்துவிடுவதுதான் நாங்கள் காணும் பெரிய தவறு. பணம் எடுத்தவர் முதலில் அதைத் திருப்பித் தரட்டும்: லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது, வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகக் கொடுக்க முன்வந்தான். மனதார மன்னித்த பிறகும் காணிக்கைப் பெட்டிச் சாவியை அவரிடம் கொடுக்கவேண்டியதில்லை.

தண்டனை முடிவில்லாமல் நீண்டுபோவதும் உண்டு. கொரிந்து சபைக்குப் பவுல், 'இந்தத் தண்டனையே போதும்' என்று எழுதவேண்டி வந்தது (2 கொரிந்தியர் 2:6). அதிக துக்கத்தில், சபை தண்டித்த அந்த மனிதன் அமிழ்ந்துபோவான் என்று அஞ்சினார். ஆகையால் ஒருவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்தும் நாளிலேயே, எவ்வளவு காலம், எதைச் செய்தால் திரும்பலாம், இடையில் யார் அவரைப் போய்ப் பார்ப்பது என்ற மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். அவரைப் போய்ப் பார்க்கவும் ஒருவரை நியமியுங்கள்.