மெமரி கார்டைக் காட்டி டேப் விற்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன், டேப் (டேப்லெட்) சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமும் தீபாவளியும் நெருங்கினால் போதும், உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் டேப் விளம்பரம் வர ஆரம்பித்துவிடும். "32 ஜிபி, 1 டிபி வரை கூட்டிக்கொள்ளலாம், 64 ஜிபி மெமரி கார்டு இலவசம்" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். படிக்கிறவர் 32-ம் 64-ம் சேர்த்து 96 ஜிபி என்றுதான் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு தப்பு. தப்பு என்பது விற்கிறவர்களில் பலருக்குத் தெரியும், ஆனாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்து எஸ்டேட்களில் வேலை செய்கிறவர்கள், பிள்ளை படிப்புக்கென்று வாங்கிய டேப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வருகிறார்கள். "புதுசுங்க, அதுக்குள்ள எடமில்லைனு வருதுங்க, கார்டு போட்டுத்தான் இருக்குது" என்பார்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தால் உள் மெமரி சிவப்பில் நிற்கும், கார்டு முக்காலே மூணு வீசம் காலியாகக் கிடக்கும். 32 ஜிபி டேப்பில் ஆண்ட்ராய்டும் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பும் ஆப்களுமே 10 ஜிபிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில் பாட ஆப், வாட்ஸ்அப், நாலு விளையாட்டு, அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வீங்குகிற கணக்கு வேறு.

"அப்போ ஆப்பை எல்லாம் கார்டுக்கு மாத்திக் குடுங்க" என்பதுதான் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆப்பைக் கார்டுக்கு மாற்றும் வசதி 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆப்பை எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் மாற்ற முடியும், அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் உள்ளேதான் இருக்கும். அனுமதித்திருந்தாலும் ஆப்பின் முக்கிய ஃபைல்தான் கார்டுக்குப் போகிறது, அது சேர்த்துவைக்கும் தகவல் எல்லாம் உள் மெமரியிலேயே தங்கிவிடும். அலாரம், கீபோர்டு, முகப்பில் வைக்கும் விட்ஜெட் மாதிரி எந்நேரமும் ஓட வேண்டியவற்றைக் கார்டுக்கு அனுப்பவே கூடாது, கார்டைக் கழற்றிய நிமிஷம் அவை நின்றுவிடும். இத்தனைக்குப் பிறகு மிச்சமாகும் இடத்தைப் பார்த்தால் சிரமப்பட்டதற்குப் பலனே இருக்காது.

2015-ல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது கார்டையே உள் மெமரியாக ஃபார்மேட் செய்யும் வழியும் வந்தது. எல்லா டேப்பிலும் இது கிடையாது, சாம்சங் 2016-ல் விட்ட கேலக்ஸி எஸ்7 போனிலேயே இதை வைக்கவில்லை. இருக்கிற டேப்பிலும் யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். அப்படி ஃபார்மேட் செய்தால் முதலில் கார்டில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அதில் எழுதுவது எல்லாம் பூட்டித்தான் எழுதப்படும், அந்தப் பூட்டுக்கான சாவி டேப்புக்கு உள்ளே இருக்கும். ஒருநாள் டேப் தண்ணீரில் விழுந்து போர்டு போய்விட்டது என்று வையுங்கள், கார்டு ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் "ஃபார்மேட் செய்யவா" என்றுதான் கேட்கும். குழந்தையின் காதுகுத்துப் படங்கள் அதில் இருக்கிறது என்று சொல்லி ஒரு அம்மா கவுன்டரில் அழுதார்கள். யாரோ ஒரு கடையில் "இடம் கூடும்" என்று சொல்லி அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஆபத்தைச் சொல்லவில்லை. அந்தப் படங்களை எங்களால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வேகத்தையும் சொல்ல வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் கார்டில் '10' என்று வட்டத்துக்குள் போட்டிருக்கும். நொடிக்கு 10 எம்பியாவது தொடர்ச்சியாக எழுதும் என்பதுதான் அதற்கு அர்த்தம், வீடியோ பதிவுக்கு அது சரி. ஆப் அப்படி வேலை செய்வதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான துணுக்குகளைத் தேடித் தேடி எடுக்கும். அதற்கென்றே ஏ1, ஏ2 என்று தனிக் குறியீடு இருக்கிறது. ஏ1 கார்டு என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்க வேண்டும், 500 முறை எழுத வேண்டும். ஏ2 என்றால் 4000, 2000. இந்தக் குறி இல்லாத கார்டில் ஆப்பை ஓட்டினால் டேப் திணறும், பழி டேப் மேல் விழும்.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையில் பாதி ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால் டவுனுக்கு வரும்போது பாட வீடியோ, பிடிஎஃப், பாட்டு எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளக் கார்டுதான் வசதி. யூடியூப் டவுன்லோடு, கூகுள் மேப்ஸ் ஆஃப்லைன் வரைபடம் இரண்டையும் கார்டில் சேமிக்க அந்தந்த ஆப்பின் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. கேமரா படங்களையும் கார்டுக்கு விடலாம். ஆனால் கார்டும் ஒருநாள் திடீரென்று போகக்கூடிய பொருள்தான், முக்கியமான படத்துக்கு இன்னொரு பிரதி வேறு எங்காவது இருக்கட்டும்.

விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடுங்கள் ஐயா: பெட்டியைப் பிரித்து முதல்முறை ஆன் செய்யும்போது ஆப் போட எத்தனை ஜிபி காலியாக இருக்கிறது என்ற கணக்கு. கார்டு இலவசம் என்பதற்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அதுவும் வரட்டும். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் "இடம் போதவில்லையா, ஆப்பைக் கார்டுக்கு மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் யோசனை சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வாங்கப் போகிறவர்கள் இலவசக் கார்டை விட்டுவிட்டு, கூடக் கொஞ்சம் போட்டு 128 ஜிபி உள் மெமரி உள்ள டேப்பாகப் பாருங்கள். பில் போடும் முன் கடையில் வைத்திருக்கும் அதே மாடலை ஆன் செய்து, செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் ஐந்து ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வேறு கடை இல்லாமலா போய்விட்டது?

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடை ஊழியர்,
சேலம்.